கல்லாவுக்கு அடியில் கிடக்கும் ஸ்டூல்

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு வர்க்கிக் கடையில் வேலை பார்க்கும் என் தங்கை, நேற்று இரவு பத்தரை மணிக்கு வீடு வந்து, வெந்நீரில் கால்களை வைத்தபடியே தூங்கிப்போனாள். காலை ஒன்பது மணிக்குக் கடைக்குள் நுழைந்தவள், சாப்பிட்ட இருபது நிமிடம் தவிர நாள் முழுவதும் நின்றிருக்கிறாள். சீசன் முடியும்வரை வார விடுமுறையும் கிடையாதாம்.

சட்டமே இல்லையென்றால்கூட மனம் ஆறும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும், நான்கு மணி நேர உழைப்புக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2021-இல் அதைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். அதன்பிறகு அந்தக் கடைக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. கல்லாவுக்கு அடியில், அதன்மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கூட்டமில்லாத ஒரு மதியம் பெட்டிகளை இறக்கிவிட்டு அவள் அதில் உட்கார்ந்தபோது, "ஆள் வரும் நேரத்தில் உட்கார்ந்திருப்பது என்னம்மா மரியாதை?" என்று முதலாளி கேட்டாராம். பெரியவர் வந்தால் எழுந்து நிற்கும் நம் பழக்கம், கூலிக்கு வந்த பெண் பதின்மூன்று மணி நேரம் கால் வீங்க நிற்க வேண்டும் என்ற கட்டளையாக எப்போது மாறியது? "நீயும் எங்கள் வீட்டுப் பெண்தானே" என்று சொல்லிச் சொல்லியே ஓவர்டைம் கூலியையும் விழுங்கிவிடுகிறார்கள். வீட்டுப் பெண் கணக்குக் கேட்டால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவாளே!

இதைவிட வலிப்பது எங்கள் அம்மாவின் பேச்சு. தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் இலை பறித்தவர் அவர். சாயங்காலம் இலையை நிறுத்துக் கொடுத்தால் அன்றைய வேலை முடிந்தது, கங்காணி அதட்டினால் கேட்கச் சங்கம் இருந்தது. மூன்று பேர் நிற்கும் கடையில் சங்கத்துக்கு எங்கே போவது? அப்படிப்பட்ட அம்மாவே இன்று, "ஒரு இடத்தில் ஒட்டி இருக்கப் பழகு" என்கிறார்.

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதால் மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது நானும் மகிழ்ந்தேன். தொழிலாளர் தினமான அன்றும் என் தங்கை கடையில்தான் நின்றிருந்தாள். அவளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்ட எந்த மசோதாவும் தேவைப்படவில்லை.

தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பினால் வேலை போய்விடும் என்று அவள் கெஞ்சுகிறாள். சீசன் முடியட்டும் என்கிறார் அம்மா. இன்று காலையும் எட்டேகால் பஸ்ஸுக்கு அவள் புறப்பட்டுப் போனாள், வீக்கம் வடியாத காலில் செருப்பின் வாரைத் தளர்த்திக்கொண்டு.