புரதம் கூட்டினாலே சீனி வருத்தம் வராதா?

ரொட்டி, சம்பலை விட்டுவிட்டு முட்டை, கோழி, பருப்பு என்று புரதத்தைக் கூட்டினால் போதும், இரத்தச் சீனி அளவு எல்லையில் நிற்கும் வயதானவர்களுக்குச் சீனி வருத்தம் வரவே வராது என்று இங்கே ஒரு அண்ணன் போட்டிருக்கிறார். அப்படி இல்லை அண்ணன். புரதம் கெடுதல் என்று சொல்லவில்லை, ஆனால் காப்பது எடை குறைவதும் அது திரும்ப ஏறாமல் இருப்பதும்தான். பிரிவியூ என்ற ஆய்வில், இதே நிலையில் இருந்த எடை கூடியவர்களை முதலில் எடை குறைக்க வைத்து, பிறகு பாதிப் பேருக்கு உணவுச் சக்தியில் 25 வீதம் புரதம், மற்றவர்களுக்கு 15 வீதம் என்று பிரித்து 3 வருடம் பார்த்தார்கள். சீனி வருத்தம் வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் (PubMed) தளத்தில் PREVIEW diabetes என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்த ஆய்வின் சுருக்கம் இலவசமாகவே வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.