மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன் சார்!

நாலு மணி நேரம். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை பேச நாலு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்த நாலு மணி நேரத்தில் அவர்கள் காரைப் பற்றிப் பேசியதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் பத்து நிமிஷம் தேறாது. வயிறு எரிகிறது. இதை எழுதித் தீர்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கார், 2002 மாடல் போர்ஷே பாக்ஸ்டர். 986 என்று சொல்வார்களே, அந்த முதல் தலைமுறை. 2.7 லிட்டர், ஆறு சிலிண்டரும் படுத்த வாக்கில், எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் முதுகோடு ஒட்டி இருக்கும். 1993இல் டெட்ராய்ட் கண்காட்சியில் வைத்த மாதிரி வண்டியின் படத்தை ஒரு பழைய பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து இந்த ஆசை எனக்குள் கிடக்கிறது. இருபது வயது தாண்டிய பிறகுதான் அது என்னைப் போன்றவர்களின் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியிருக்கிறது. நான் கொண்டுபோனது வருஷக்கணக்காகச் சேர்த்த காசு. அதனால்தான் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்துவிட்டுப் போனேன்.

போனிலேயே சொன்னேன்: "நான் வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, எஞ்சின் ஆறி இருக்கணும்." "கண்டிப்பா சார்" என்றார் சேல்ஸ் தம்பி. போய் இறங்கியதும் சைலன்சர் முனையில் விரலை வைத்தேன். சுட்டது. ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் அது தன் உண்மையான சத்தத்தைக் காட்டும். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்திருப்பதால் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் நீலப்புகை வந்தால்கூடப் பெரிய தப்பில்லை, எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் புகை ஒரு நொடியில் அடங்குகிறதா, நின்று புகைகிறதா என்று பார்க்கத்தானே அப்படிக் கேட்டேன்! கேட்டால், "வெளியில நின்னுச்சு சார், துடைச்சு உள்ளே கொண்டுவந்தோம்" என்கிறார். அந்த ஒரு பதிலிலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

முன் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். 150 விஷயங்களைச் சரிபார்த்த வண்டியாம். மேலிருந்து கீழ் வரை ஒரே பேனா, ஒரே சாய்வில் டிக், கை எங்கேயும் நின்று யோசித்த அடையாளமே இல்லை. ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு வரியில், "பின் சீட் பெல்ட்: சரி" என்று டிக் போட்டிருந்தது. பாக்ஸ்டரில் பின் சீட்டே கிடையாது! ரெண்டே ரெண்டு சீட்டுள்ள காரில் பின் சீட் பெல்ட்டைச் சரிபார்த்த அந்தப் புண்ணியவான் யார்? வேறு மெக்கானிக்கை வைத்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கிறேன் என்று நான் கேட்டபோது, "அதெல்லாம் தேவையில்லை சார், நாங்களே 150 பாயின்ட் செக் பண்ணிட்டோம்" என்று இந்தத் தாளைத்தான் கைகாட்டினார்கள். யார் வீட்டுக் காசு இது?

நானே பார்த்தேன். பின் டயர் இரண்டிலும் 2316 என்ற எண். அதாவது 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. எட்டு வருஷம் தாண்டிய டயர். பட்டை நன்றாகத்தான் இருந்தது, ஓடியிருந்தால்தானே தேயும். ஆனால் ஓரத்தில் நகத்தால் கீறினால் தெரியும் அளவுக்கு மயிர்க்கோடு விரிசல். பல கார் கம்பெனிகள் ஆறு வருஷத்தில் டயரை மாற்றச் சொல்கின்றன. பின் சக்கரத்தில் மொத்த சக்தியும் இறங்கும் காரில், மழையில் வளைவு திரும்பும்போது இந்த டயரை நம்பி நான் உட்கார வேண்டும். அதற்கும் டிக்.

இடது கதவில், பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று அளக்கும் மீட்டரை வைத்தால் 310 மைக்ரான். மற்ற இடமெல்லாம் 120, 130. கம்பெனி பெயின்ட் அந்த அளவில்தான் இருக்கும். கதவு டிங்கரிங் பார்த்து மறுபடி பெயின்ட் அடித்தது. அடித்ததில் தப்பில்லை, சொல்லியிருக்கலாம். மடித்து இறக்கும் துணி டாப்பின் பின்பக்க ஜன்னல் பிளாஸ்டிக், 2003 மாடலில்தான் அது கண்ணாடியானது. இந்த வண்டியின் பிளாஸ்டிக் பழுப்பேறி, நடுவில் ஒரே கோடாக மடிப்பு விழுந்து வெடிக்கக் காத்திருந்தது. டாப்பை இறக்கும்போது பாதியில் நிறுத்தி, கையால் லேசாக உள்ளே தட்டிக் கொடுத்தால் அந்த மடிப்பு விழாது. இந்தக் காரை நேசித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் அது.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் எஞ்சினுக்குள் இருக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங், அதாவது வால்வுகளை இயக்கும் தண்டுகளைச் சுழற்றுகிற ஒரு நடுத் தண்டைத் தாங்கும் பாகம். இந்தக் காலத்து பாக்ஸ்டர், 911 (போர்ஷேயின் இன்னொரு மாடல்) எஞ்சின்களில் அது ஒரு பேர்போன பலவீனம். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக வழக்கு நடந்து 2013இல் சமரசம் ஆனது. எல்லா வண்டியிலும் போய்விடும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலான வண்டிகள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் போனால், எஞ்சினின் டைமிங் (வால்வும் பிஸ்டனும் இயங்கும் நேர ஒழுங்கு) தப்பும், வால்வும் பிஸ்டனும் மோதும், மொத்த எஞ்சினும் அவுட். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கிளட்ச் மாற்றும்போதே அதையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். இந்த வண்டிக்குக் கிளட்ச் மாற்றிய பில் இருந்தது. பேரிங் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. கேட்டேன். "அப்படி ஒரு பிரச்சினையே இந்த வண்டியில கிடையாது சார், யாரோ இன்டர்நெட்ல கிளப்பிவிட்டது."

சரி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். பேரிங், டயர், பின் ஜன்னல், கதவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே என் மெக்கானிக் சொன்ன செலவு. கூட்டினால் அவர்கள் கேட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்கு வந்தது. அதில் டயருக்கும் பேரிங்குக்கும் ஆகும் செலவை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சும்மா "பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று தலையைச் சொறியவில்லை. வரிவரியாகக் கணக்கு வைத்தேன். ஒன்று, உங்கள் கணக்கு தப்பு என்று சொல்லுங்கள். இல்லை, சரி என்று ஒத்துக்கொள்ளுங்கள். பேரம் என்றால் அதுதானே?

அந்தத் தம்பி தாளைப் பார்த்தார், சிரித்தார். "இதெல்லாம் பழைய வண்டியில சகஜம் சார். ஸ்போர்ட்ஸ் காருக்கு இப்படிக் கணக்குப் பார்த்தா முடியுமா? இது ஆசை, பேஷன் சார்." அந்த வார்த்தை என்னைச் சுட்டது. என் ஆசையை எனக்கே விலை வைத்து விற்கிறார்கள். பால்காரர் வண்டிக்கு விலை பேசினால் டயரைப் பற்றிக் கேட்கலாம், மனசுக்குப் பிடித்த காருக்குக் கேட்கக் கூடாதா? பிடித்த வண்டி என்பதால்தான் அதன் உடம்பு எனக்கு முக்கியம்!

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, நாலு கட்டம். வண்டி விலை, நான் மாற்றிக் கொடுக்கும் பழைய காரின் மதிப்பு, முன்பணம், மாதத் தவணை. இது உலகம் முழுக்கக் கார் விற்பவர்கள் வைத்திருக்கும் பழைய வித்தை. ஒரு கட்டத்தில் நாம் இழுத்துப் பிடித்து ஜெயித்தால், அடுத்த கட்டத்தில் அதை எடுத்துக்கொள்வார்கள். என் பழைய காருக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டார், தவணை ஏறியது. தவணையைக் கேட்டேன், மாதங்கள் ஏறின. பேனாவை அழுத்தி அழுத்தி எழுதி, அடித்து, மேலே எழுதி, கடைசியில் எது எந்த எண் என்றே புரியாத கிறுக்கல் ஆனது அந்தத் தாள்.

"மாசம் எவ்வளவு கட்டினா உங்களுக்கு வசதி சார்?" இதை எத்தனை தடவை கேட்டிருப்பார்! மாதத் தவணை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், 48 மாதம் கட்டினால் 4,800. "உங்களுக்காக" அதை 84 ஆகக் குறைத்து 60 மாதம் ஆக்கினால் 5,040. தவணை குறைந்தது, காரின் விலை ஏறியது. கேட்டவர் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நான் மொத்தத் தொகையை மட்டும் சொல்லுங்கள் என்றேன். சொன்னதே இல்லை. கடைசி வரை வாயில் அந்த எண் வரவே இல்லை.

நடுநடுவே "மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன் சார்." நாலு தடவை போனார். ஒவ்வொரு தடவையும் இருபது, இருபத்தைந்து நிமிஷம். மேனேஜர் அறைக்குக் கண்ணாடிச் சுவர், நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. மேனேஜர் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தம்பி மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றார். உதடு அசைந்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. நான் எழுதிய கணக்குத் தாள் என் முன்னாலேயே கிடக்கிறது. ஒரு தடவைகூட அதை அவர் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை. பேரிங்கையும் டயரையும் பற்றிப் பேசப் போகிறவர், அதை எழுதிய தாள் இல்லாமல் எதைப் பேசுவார்? பேசப் போகவில்லை. நான் களைத்துப்போகும் வரை நேரத்தைக் கடத்தப் போகிறார்.

திரும்பி வரும்போதெல்லாம் ஒரு புதுச் செய்தி. "இன்னொரு பார்ட்டி அட்வான்ஸ் போட ரெடியா இருக்காங்க சார்." அப்படியானால் வாங்கிக்கொள்ளுங்களேன், ஏன் என்னைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்?

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் கமிஷனை நம்பிப் பிழைக்கிறவர், அப்படிப் பேசச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் உட்கார்ந்து முகம் காட்டாமல் இதை நடத்துகிறவர்கள்மேல்தான் என் ஆத்திரம்.

1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது, அதனால் சந்தையே கெடுகிறது என்பது சாரம். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, அந்த வேலைக்குத்தான். அதைப் படித்துவிட்டு, தெரிந்துகொண்டு போனால் ஏமாற மாட்டோம் என்று நம்பினேன். எனக்குத் தெரியும், மீட்டரோடு போனேன், தாளோடு போனேன். என்ன பிரயோஜனம்? எதிரே இருப்பவர் காரைப் பற்றிப் பேசவே மறுத்தால், தெரிந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கடைசியில் ஒரு விலைக்கு வந்தார்கள். நான் கேட்டதற்கும் அவர்கள் சொன்னதற்கும் நடுவில். சலித்துப்போயிருந்தேன், சரி என்று தலையாட்டிவிட்டேன். பில் அடித்து வந்தது. பெயின்ட் பாதுகாப்புக்கு ஒரு தொகை, டயரில் நைட்ரஜனுக்கு ஒரு தொகை (எட்டு வருஷம் தாண்டிய அந்த டயரில்!), காகித வேலைக்கு ஒரு தொகை, கூடுதல் வாரன்டிக்கு ஒரு தொகை. இறங்கி வந்ததெல்லாம் மறுபடி மேலே ஏறியிருந்தது. வாரன்டித் தாளை வாங்கி, பொடி எழுத்தைப் படித்தேன். எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்ற பட்டியலில், ஆறாவது வரியில், இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங்கும் அதனால் வரும் எஞ்சின் சேதமும்.

இன்டர்நெட்டில் யாரோ கிளப்பிவிட்டது என்றார்களே! இல்லாத பிரச்சினைக்கு எதற்கு அதன் பெயரைத் தனியாக அச்சடித்து விலக்கி வைத்திருக்கிறீர்கள்? தாளைத் திருப்பி அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அந்தத் தம்பி படித்தார். முகம் மாறியது. உண்மையிலேயே அவருக்கு அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். "ஒரு நிமிஷம் சார், மேனேஜரை..." என்று எழுந்தார். நானும் எழுந்தேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போன். "சார், மேனேஜர் ஒத்துக்கிட்டார். நீங்க சொன்ன விலைக்கே தர்றோம், எக்ஸ்ட்ரா எதுவும் இல்ல. ஆனா இன்னிக்குள்ள முடிக்கணும்." அப்படியானால் நேற்று அந்த நாலு மணி நேரம் எதற்கு? நான் கேட்டது நியாயமான விலை என்று நேற்றே தெரிந்துதானே என்னை அலைக்கழித்தீர்கள்? வாய் வரைக்கும் வந்தது. கார் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, என்ன செய்ய. ஒன்றே ஒன்று கேட்டேன்: "என் மெக்கானிக் வந்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கலாமா தம்பி? அரை மணி நேரம் போதும். செலவு என்னுடையது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மேனேஜரைக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

பதினோரு நாள் ஆகிறது. போன் வரவில்லை. விளம்பரத்தில் கார் அப்படியே இருக்கிறது, பழுப்பேறிய பின் ஜன்னல் தெரியாத கோணத்தில் எடுத்த அதே படத்தோடு.