கப்பல் இறங்கி 25 வருஷம் கழித்து

போன வாரம் குன்னூரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் இருந்தவர் கேட்டார்: "சிலோன்ல இருந்து வந்து அம்பது வருஷம் ஆச்சே, இன்னும் என்னங்க அதையே பேசிக்கிட்டு?" நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதற்குள் பாயசம் வந்தது, பேச்சு மாறிவிட்டது. எனக்குத்தான் ஒரு வாரமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவரிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கியது 1973இல். அதை நினைத்து அவர் அழுததை எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பார்த்தது 1998இல். இடையில் இருந்த 25 வருஷமும் அவருக்கு அழ நேரமில்லை. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போக வேண்டும், தேயிலைக் கொழுந்து எடுக்க வேண்டும், மூன்று பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டும். யாராவது கேட்டால், "நல்லபடியா வந்து சேந்தோம்" என்பார். அவ்வளவுதான் அவர் சொன்ன கதை.

58 வயதானதும் கோத்தகிரிப் பக்கம் அவர் வேலை பார்த்த தோட்டத்தில் கணக்கு முடித்தார்கள். கணக்கு முடிந்தால் லயத்துக் காம்பராவையும், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டு அறையையும், விட வேண்டும். ஒருவர் வாசலில் நின்றபடியே அதைச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாயி ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை இழுத்தார். சேலைகளை மடித்து வைத்தார், சாமி படத்தைத் துண்டில் சுற்றி வைத்தார், பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பெட்டியைக் கதவோரம் நகர்த்திவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். காலையில் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி கொடியில் போட்டார். மறுநாள் ராத்திரியும் அப்படியே. நான்கைந்து மாதம் இது நடந்தது. எனக்கு அப்போது பத்து வயது. ஒரு நாள் நடுச்சாமத்தில் என்னை உலுக்கி எழுப்பி, "கோச்சிக்கு நேரமாச்சு, தம்பியக் காணோம் புள்ள" என்றார். அப்புறம்தான் அழுதார்.

கோச்சி என்றால் ரயில். இலங்கையின் தேயிலை மலைப் பகுதியான மலையகத்திலிருந்து கப்பல் துறையான தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை அங்கே ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னார்கள். பிளாட்பாரத்தில் நிற்கிற பாதிக் குடும்பமும் பெட்டிக்குள் இருக்கிற பாதிக் குடும்பமும் கையை விடாமல் அழுவார்களாம். அம்மாயியின் தம்பி அன்றைக்கு பிளாட்பாரத்தில் நின்றவர்.

எதனால் இப்படிப் பிரிந்தார்கள்? 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தபோது அம்மாயிக்கு எட்டு வயது. அந்தச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் போனார்கள். 16 வருஷம் கழித்து, 1964 அக்டோபர் 30இல், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. என் அம்மா பிறந்தது அந்த 1964இல்தான். பிறந்த வருஷமே அவள் ஒரு எண்ணிக்கைக்குள் போய்விட்டாள்.

அம்மாயியின் தம்பியும் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தார். முடிவு வருவதற்குள் கலவரங்கள், 1984இல் கப்பலும் நின்றுபோனது. கடைசியில் 1990இல் படகேறி, ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபம் வந்து சேர்ந்தார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். 1973இல் வந்த அக்கா "தாயகம் திரும்பியவர்", 1990இல் வந்த தம்பி "அகதி". அக்காவுக்கு ஓட்டு உண்டு. தம்பிக்கு முகாம், மாதா மாதம் பணக்கொடை, வெளியே போனால் இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு. அவர் மகள் 1993இல் இங்கேதான் பிறந்தாள். நம் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்குப் பிறகு பிறந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த விதியைக் காட்டி, நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். அம்மாயியின் தம்பி மகள் ஏழு வருஷம் பிந்திப் பிறந்துவிட்டாள். அவளும் தமிழ்நாட்டு ரேஷன் அரிசி தின்று வளர்ந்தவள், இங்கேயே படித்தவள்.

இந்தத் தேதிக் கோடு நம் ஊரில் மட்டும் போட்டதில்லை. அகதிகளுக்கான 1951 உலக ஒப்பந்தமே, 1951 ஜனவரி 1க்கு முன் நடந்தவற்றால் ஓடி வந்தவர்களுக்கு மட்டும் என்றுதான் தொடங்கியது. 1967இல்தான் அந்தக் கோட்டை எடுத்தார்கள். இந்தியா அதில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. நமது 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் 2014 டிசம்பர் 31 என்று ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு எத்தனையோ வருஷம் முன்பே வந்திருந்தாலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அதில் இடமில்லை.

என் கருத்து இதுதான். ஆபத்து என்பது வந்து இறங்குகிற அன்றோடு முடிவதாக நினைத்து நம் உதவிகள் எல்லாம் திட்டமிடப்படுகின்றன. கப்பலில் இருந்து இறக்கினோம், கடன் கொடுத்தோம், வேலை கொடுத்தோம், கோப்பை மூடினோம். உண்மையிலேயே நல்லதும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவென்றே 1968இல் அரசு தேயிலைத் திட்டம் வந்தது, 1976இல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் சாப்பிட்டன. ஆனால் வீட்டை வேலையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வயதாகிக் கை ஓய்கிறபோது கூரையும் போகிறது. உடம்பு ஓடிக்கொண்டிருக்கும்வரை மனசு வாயைத் திறப்பதில்லை. ஓய்ந்து உட்கார்ந்த பிறகு பழையது கிளம்பி வருகிறது. சரியாக அந்த நேரத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் அந்தக் கிழவிக்கு அது 1998 ஆகவா இருக்கும்? 2022இல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது லயங்களில் எழுந்த பதற்றத்தை வெறும் கூலிப் பிரச்சினையாகப் பார்த்தவர்களுக்கு இது புரிந்திருக்காது.

கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் இன்னொன்று. ஜன்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை எடுத்த 1969 ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய பிரிவு 17க்குள் மாட்டிய நிலத்தில் குடியிருப்பவர்கள் பட்டாவுக்காகப் பல பத்தாண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். வன உரிமைச் சட்டத்தில் வழி தேடலாம் என்றால், பழங்குடி அல்லாதவர் 75 வருஷம், மூன்று தலைமுறை இருந்ததாகக் காட்ட வேண்டும். 1970களில் வந்தவர் எங்கே போவார்? இதைச் சொல்லும்போது அதே காட்டில் நமக்கு முன்னால் இருந்த பழங்குடிகளான பணியரையும் காட்டுநாயக்கரையும் விட்டுவிட்டுப் பேச எனக்கு மனசு வராது. நம்மைக் குடிவைக்க வெட்டிய காடு அவர்களுடையது. அவர்களுடைய இடப்பெயர்வு நம்முடையதைவிடப் பழையது. அவர்கள் உரிமையைத் தட்டிப் பறித்து நமக்கு வேண்டாம்.

நான் கேட்பது: காத்திருந்த வருஷங்களை உரிமையாகக் கணக்கில் எடுங்கள். "இத்தனை வருஷம் ஆச்சே" என்று தள்ளுவதற்கு அதையே காரணமாக்காதீர்கள். ஓய்வு பெற்றவருக்கு அதே ஊரில் வீடு கொடுக்காமல் லயத்தை விட்டு எழுப்பாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 60 தாண்டிய ஒரு தோட்டத்து அம்மா தூக்கமில்லை என்று வந்தால், மாத்திரை எழுதுவதற்கு முன் எந்த ஊரில் பிறந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்களுக்கு எப்படியோ ஒரு தகரக் கூரை வீடு அமைந்தது. அம்மாயி அதில் 13 வருஷம் இருந்தார். பெட்டி கடைசிவரை கதவோரம்தான்.

நீலகிரியில் இருக்கிற சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை வீட்டில் இருந்தால் இன்றைக்கே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். அம்மாயியின் அட்டை மடிப்பில் நான்காகப் பிரிந்துவிட்டது. அதில் ஒரு துண்டைக் காணவில்லை, அம்மாவின் பிறந்த வருஷம் அதில்தான் இருந்தது.