காட்டுமாடு மிதித்த குழிக்குப் பையன் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கால்ஃப் போட்டியின் கடைசி ஹோலில் நடந்ததை இதைப் படிக்கிற பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டீர்கள். வீடியோ மூணாறு முழுக்கச் சுற்றி முடித்து இப்போது தேனிப் பக்கம் இறங்கிவிட்டது. அதனால் கதையை நீட்டவில்லை. பையன் நேராக அடித்த பந்து ஃபேர்வேயில், அதாவது ஆடுவதற்காகக் கட்டையாக வெட்டிய புல்பரப்பில், காட்டுமாடு மிதித்த குளம்புக் குழிக்குள் போய் உட்கார்ந்தது. அப்படியே ஆடு என்றார் நடுவர். கோப்பை போனது. எந்த மைதானம், யார் நடத்திய போட்டி என்பதெல்லாம் வேண்டாம். பையன் பெயரும் வேண்டாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னார், சரியாகச் சொன்னார். என் கோபமெல்லாம் பரிசளிப்பில் மைக்கைப் பிடித்த பெரியவர் சொன்னதன் மீதுதான். "கால்ஃபில் நியாயம் எதிர்பார்க்கக் கூடாது தம்பி. வாழ்க்கை மாதிரிதான். கிடக்கிற இடத்திலிருந்து ஆடப் பழகிக்கொள்." எல்லோரும் கைதட்டினார்கள். பையனும் சிரித்தபடி நின்றான். வேறு என்ன செய்வான்?

துரதிர்ஷ்டம் வேறு, சேதம் வேறு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். காற்று திரும்பிப் பந்து ஓரத்து உயரமான புல்லுக்குள், ரஃபுக்குள் போனால் அது துரதிர்ஷ்டம். கல்லில் பட்டுத் தெறித்தால் துரதிர்ஷ்டம். ஃபேர்வேயின் நட்ட நடுவில், எல்லோரும் முந்தின நாளே பார்த்த ஒரு குழியை யாரும் மூடாமல், சுற்றிக் கோடுகூடப் போடாமல் விட்டு, அதற்குள் பந்து போய் உட்கார்ந்தால் அது சேதம். சேதத்துக்கு யாரோ ஒருவர் பொறுப்பு. அந்த ஒருவர் நேராக அடித்த பையனாக இருக்க முடியாது.

விதி என்ன சொல்கிறது என்று தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். விலங்கு தோண்டிய குழியில் பந்து கிடந்தால் பெனால்டி இல்லாமல் வெளியே எடுத்து ட்ராப் செய்யலாம், அதாவது பக்கத்தில் கையிலிருந்து கீழே விட்டு ஆடலாம். 2019-க்கு முன்னால் வளை தோண்டும் விலங்கா, ஊர்வனவா, பறவையா என்று பார்ப்பார்கள். இப்போது எந்த விலங்கு தோண்டினாலும் சரி, புழு பூச்சி தோண்டியது மட்டும் கணக்கில் வராது. ஆக, ராத்திரி காட்டுப்பன்றி வந்து தோண்டிய குழியாக இருந்தால் பையன் பந்தைக் கையில் எடுத்திருக்கலாம். காட்டுமாடு நடந்த குழி என்பதால் எடுக்கக் கூடாது. தனியாகப் பதிந்த குளம்புத் தடம் வெறும் மேடுபள்ளமாம். அதே மாடு போட்ட சாணியைப் பந்து நகராமல் அப்புறப்படுத்தலாம். அதே குளம்பு, பந்தை உருட்டிக் குழியில் போடுகிற வழுவழுப்பான புல்தரையான க்ரீனில் பதிந்திருந்தால் சரிசெய்துவிட்டு ஆடலாம். ஃபேர்வேயில் பதிந்தால் மட்டும் அப்படியே ஆட வேண்டும். ஒரே மாடு, ஒரே ராத்திரி, ஒரே குளம்பு!

அன்று காலையில் வேறொருவர் அடித்த பந்து ஃபேர்வேயை விட்டு விலகி வண்டிப் பாதை சிமெண்டில் போய் நின்றது. அவருக்கு இலவச ட்ராப் கிடைத்தது, நல்ல புல்லிலிருந்து ஆடினார். அவர்மேல் தப்பில்லை, விதி கொடுத்ததை வாங்கிக்கொண்டார். ஆனால் கோணலாக அடித்தவருக்குப் புல், நேராக அடித்தவனுக்குக் குழி என்று ஒரு விதி முடிகிறது என்றால், அதை நியாயம் என்று எனக்கு விளக்குங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

"பந்து கிடக்கும் இடத்திலிருந்து ஆடுவதுதான் கால்ஃபின் உயிர், அதைத் தொடாதே" என்பார்கள். சரி, உயிர் என்றால் பிறந்த இடத்துக்கே போவோம். இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழைய கால்ஃப் விதிகள் 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் என்ற ஊரில் எழுதப்பட்டவை. மொத்தமே 13. பத்தாவது விதி, மனிதனோ குதிரையோ நாயோ பந்தைத் தடுத்தால் அது நின்ற இடத்திலிருந்தே ஆடு என்கிறது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கடைசி விதியைக் கொஞ்சம் படியுங்கள். மைதானத்தைக் காப்பாற்ற வெட்டிய அகழி, பள்ளிப் பிள்ளைகளின் குழிகள், சிப்பாய்கள் வெட்டிய பள்ளங்கள், இவற்றில் பந்து விழுந்தால் வெளியே எடுத்து, பந்தை உயர்த்தி வைக்கும் டீயில் வைத்து, இரும்பு ஸ்டிக்கால் ஆட வேண்டும் என்று இருக்கிறது. பெனால்டி பற்றிப் பேச்சே இல்லை. 13 விதிகளுக்குள்ளேயே அவர்களுக்கு இந்த வித்தியாசம் புரிந்திருக்கிறது. சிப்பாய் வெட்டிய பள்ளத்துக்கு ஆட்டக்காரன் பொறுப்பில்லை என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

டிவட் விஷயமும் இதே ரகம்தான். இன்னொருவர் ஸ்டிக்கால் பெயர்த்த புல்பத்தையின் குழியில் உங்கள் பந்து விழுந்தால் அப்படியே ஆட வேண்டும். மைதானத் தொழிலாளி பராமரிப்புக்காக வெட்டியெடுத்த இடம் என்றால், கோடு போடாவிட்டாலும் அது பழுது பார்க்கும் நிலம், பெனால்டி இல்லாமல் பந்தை நகர்த்திக்கொள்ளும் ரிலீஃப் உண்டு. தொழிலாளி வெட்டினால் பழுது, ஆட்டக்காரர் வெட்டினால் தலையெழுத்தா?

1998 அமெரிக்க ஓப்பன், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப். பெய்ன் ஸ்டூவர்ட் கடைசி நாளை 4 ஸ்ட்ரோக் (அடி) முன்னிலையோடு தொடங்கினார். 12-ஆவது ஹோலில் ஃபேர்வேயில்தான் அடித்தார். பந்து போய் நின்றது மணல் நிரப்பிய ஒரு டிவட்டில். அந்த ஹோலில் போகி, அதாவது கணக்கைவிட ஒரு அடி கூடுதல். பட்டத்தை 1 ஸ்ட்ரோக்கில் லீ ஜான்சனிடம் இழந்தார். டிவட் பேச்சு எழும்போதெல்லாம் இன்றுவரை அந்தக் குழியைத்தான் சொல்கிறார்கள்.

உடனே ஒருவர் வருவார். "அதே நாள் 5-ஆவது ஹோலில் ஜான்சனின் பந்து மரத்தில் சிக்கி, அவர் மறுபடி அடிக்கத் திரும்பி நடக்கும்போது தானாகக் கீழே விழுந்ததே, அந்த அதிர்ஷ்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வாயா?" மாட்டேன். நல்லது கெட்டது இரண்டையும் வாங்கிக்கொள்கிறவன்தான் கால்ஃப் ஆடுகிறான். மரம் பிடித்துக்கொண்டதும் விட்டதும் அதிர்ஷ்டம். அதோடு எனக்குச் சண்டை கிடையாது. மனிதர்கள் பார்த்துக்கொண்டே விட்டுப்போன குழியை அந்த மரத்தோடு சேர்க்காதீர்கள். துரதிர்ஷ்டம் வேறு, சேதம் வேறு. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

"பாதி ஆறிய டிவட்டை என்ன செய்வாய், எது குழி, எது சாதாரணப் பள்ளம் என்று எங்கே கோடு போடுவாய்?" விதி எழுதுகிறவர்களே தயங்குகிற கேள்வி இது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டக்காரர்கள் நின்று வாதாடினால் ஆட்டம் முடியாது. அது உண்மை. ஆனால் இதே பயத்தைத்தான் க்ரீனில் ஷூ ஆணி கிழித்த தடத்துக்கும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொட்டால் பெனால்டி என்று இருந்தது. 2019-இல் சரிசெய்துகொள்ளலாம் என்று மாற்றினார்கள். யாரும் அதற்காக ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. அதே வருஷம்தான், அடித்த வேகத்தில் மண்ணில் புதைந்த பந்துக்கான இலவச ட்ராப் ரஃபுக்கும் பொதுவாக வந்தது. மனது வைத்தபோதெல்லாம் கோடு போட முடிந்திருக்கிறது.

"ஆட முடியாத பந்து என்று சொல்லி அன்பிளேயபிள் எடுத்திருக்கலாமே" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எடுத்திருக்கலாம், 1 ஸ்ட்ரோக் பெனால்டியோடு. அடுத்தவர் விட்டுப்போன குழிக்கு நீயே தண்டம் கட்டு என்பதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால் என் அப்பா காரணம். எஸ்டேட்டில் கவ்வாத்து வேலை, ஞாயிற்றுக்கிழமை கால்ஃப் ஆடுகிறவர்களின் பை தூக்கும் வேலை. நான் சின்னப் பையன், சில நாள் கூடவே ஓடுவேன். ஒரு நாள் அவர் பை தூக்கிய மனிதரின் பந்து ஒரு டிவட்டுக்குள் விழுந்தது. அந்தக் குழியைப் போட்டது அந்த மனிதரின் சிநேகிதர், முந்தின சுற்றில், எங்கள் கண் முன்னால். இவர் அடித்தார், பந்து பத்தடி உருண்டு நின்றது. உடனே அப்பா பக்கம் திரும்பி, இதை மண் போட்டு மூட மாட்டீர்களா, எதற்கு உங்களுக்குக் கூலி என்று கத்தினார். சாயங்காலம் கூலியில் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது மண் பையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழியை மூடிவிட்டு வந்தார். வீட்டில் அம்மாதான் அன்றிரவு முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாள்.

யோசித்துப் பாருங்கள். தன் பந்து குழிக்குள் விழுந்தபோது அந்த மனிதருக்கு அது துரதிர்ஷ்டமாகத் தெரியவில்லை. யாரோ ஒருவர் பொறுப்பு என்று உடனே தோன்றியது. அந்த யாரோவாக என் அப்பாவைப் பிடித்தார். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பையன் பந்து குழிக்குள் விழுந்தால் மட்டும் வாழ்க்கை, பழகிக்கொள், நியாயம் எதிர்பார்க்காதே. அவர்கள் பந்துக்கு ஒரு நியாயம், நம் பந்துக்கு ஒரு தத்துவம்.

இந்தத் தத்துவத்தை இந்த மலையில் நாம் புதிதாகக் கேட்கவில்லை. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியபோதும் இதுதான் சொல்லப்பட்டது. தேயிலை விலை விழுந்துவிட்டது, நிலைமை அப்படி, கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். கொழுந்து கிள்ளும் பெண்கள் வாங்கிக்கொள்ளவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்டே விடாமல் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பேரே வந்துவிட்டது. என் அத்தையும் மழையில் அங்கே உட்கார்ந்திருந்தாள். போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். கிடக்கிற இடத்திலிருந்து ஆடியிருந்தால் அது வந்திருக்குமா?

கால்ஃப் பதிவில் போனஸ் எதற்கு என்று கேட்கப்போகிறீர்கள். மைக்கில் வாழ்க்கையை இழுத்தவர் நான் இல்லை. அவர் இழுத்தார், அதனால் பதில் சொல்கிறேன். பணக்காரர் ஆட்டம், இதில் நமக்கு என்ன என்று நம் ஆட்களே சிலர் எழுதியிருப்பதுதான் அதைவிட வலிக்கிறது. அந்தப் புல்லை வெட்டுவது யார், பை தூக்குவது யார், பந்து தேடிச் சரிவில் இறங்குவது யார்? அந்தப் பையன் பழைய ஸ்டிக்குகளை வைத்துக்கொண்டு, விடியும் முன் பனியில் போய்ப் பழகி, பெரியவர்களுக்குச் சமமாகக் கடைசி ஹோல்வரை வந்தான். நமக்கு இதில் எல்லாமே இருக்கிறது.

உலக விதிப் புத்தகத்தை நாளைக்கே மாற்று என்று நான் கேட்கவில்லை. டிவட்டுக்கு அது ஒருநாள் வர வேண்டும், வரும்வரை கேட்பேன். ஆனால் குளம்புக் குழிக்குப் புத்தகம் மாறவே தேவையில்லை. எந்த இடத்தையும் பழுது பார்க்கும் நிலம் என்று வெள்ளைக் கோடு போட்டு அறிவிக்கப் போட்டிக் குழுவுக்கு இப்போதே அதிகாரம் உண்டு. குளம்புச் சேதத்துக்கு உள்ளூர் விதி வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. காட்டுமாடு வந்துபோனது சனிக்கிழமை காலையே மைதானத் தொழிலாளிகளுக்குத் தெரியும். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, ஒரு டப்பா சுண்ணாம்போடு ஒரு சுற்று நடந்திருந்தால் போதும். அது நடக்கவில்லை. அதைச் செய்யாதவர்கள் மேடையில் இருந்தார்கள், தண்டம் கட்டியவன் கீழே நின்றான்.

கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த போட்டியன்று காலை முதல் பந்து அடிக்கும் முன் குழு ஆட்கள் மைதானத் தொழிலாளிகளோடு சேர்ந்து சுற்றி வந்து கோடு போட வேண்டும், குளம்புக் குழிக்கு ரிலீஃப் உண்டு என்று உள்ளூர் விதியில் எழுதி அட்டையில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, கோப்பை போனது போனதுதான். பையனை இதில் இழுக்க வேண்டாம், அவன் கையெழுத்துப் போடமாட்டான், நானும் கேட்கமாட்டேன். பை தூக்குகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள், ஆடுகிறவர்கள் யாராக இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். மைக்கில் பேசிய பெரியவருக்கும் ஒரு பிரதி போகும்.