மலையைக் காக்கும் பணியில் நம் பங்கு

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சேன் ஆந்த்ரே ஊரில் நான் உறுப்பினராக இருக்கும் கோயிலின் முற்றத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாத இரவில், புத்தாண்டு விளக்கு அலங்காரம் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, வானத்திலிருந்து ஒரு பறவை வந்து விழுந்தது. புறாவைவிடச் சற்றுப் பெரியது; முதுகு கருஞ்சாம்பல், வயிறு தூய வெள்ளை, கறுத்த அலகின் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. உடம்பில் காயம் ஏதும் தெரியவில்லை. ஆனாலும் அதனால் எழும்ப முடியவில்லை. நல்ல நாளில் இப்படி விழுந்ததற்கு என்ன பொருள் என்று பெரியவர்கள் இருவர் விவாதிக்கத் தொடங்கினார்கள். யாரோ ஒருவர் கிண்ணத்தில் பால் கொண்டுவந்தார். அதற்குள் பக்கத்து வீட்டுக் கிரியோல் அம்மா வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்து, பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், ஓர் அட்டைப்பெட்டி மட்டும் கொடுங்கள் என்றார். பெட்டியில் காற்றுத் துளைகள் போட்டு, துணி விரித்து, பறவையை உள்ளே வைத்து மூடிவிட்டு, ரெயூனியன் பறவையியல் ஆய்வுச் சங்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்தச் சங்கத்தின் அலுவலகம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது என்பது, இத்தனை ஆண்டுகள் இங்கே குடியிருந்தும், எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அது பாரோ பெட்ரல் என்னும் கடற்பறவையின் குஞ்சு. உள்ளூர்க் கிரியோல் மொழியில் அதற்குக் காற்றை அறுப்பது என்று பொருள்படும் பெயர் உண்டு. இந்தத் தீவின் உயர்ந்த சிகரமாகிய, 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஜைச் சுற்றியுள்ள செங்குத்துச் சரிவுகளில் மண்ணைக் குடைந்து அது கூடு வைக்கிறது. இந்தத் தீவின் மலைகளைத் தவிர அது குஞ்சு பொரிக்கும் இடம் உலகில் வேறு இல்லை. அறிவியல் உலகம் அதைத் தனி இனமாக அறிந்துகொண்டது 1960களில்தான். மலையில் வாழ்ந்தவர்களுக்கு அது அதற்கு முன்பே பழக்கமான பறவை. ஏப்ரல் மாதத்தில் குஞ்சுகள் முதன்முறையாகக் கூட்டை விட்டு இரவில் கடலை நோக்கிப் பறக்கின்றன. கடலின் மேல் தெரியும் இயற்கை வெளிச்சத்தை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டிய அவை, கடற்கரை ஊர்களின் மின்விளக்குகளைக் கண்டு திசை தடுமாறித் தரையில் விழுகின்றன. விழுந்த குஞ்சால் சமதரையிலிருந்து மீண்டும் எழும்பிப் பறக்க இயலாது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பொதுமக்கள்தான் இப்படிப் பெட்டிகளில் எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். ஒளியில்லா இரவுகள் என்ற பெயரில் நகராட்சிகள் தெருவிளக்குகளை அணைக்கும் இயக்கமும் அந்தப் பருவத்தில் நடக்கிறது. நம் சித்திரைப் புத்தாண்டு அதே பருவத்தில் வருவதையும், அந்த வாரத்தில்தான் நாம் கோபுரங்களுக்கு வண்ண விளக்கு போடுகிறோம் என்பதையும் நான் அதற்கு முன் ஒருபோதும் இணைத்துப் பார்த்ததில்லை.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்தப் பறவை மட்டுமன்று. ஆண்டுதோறும் செப்டம்பரில் பாரம்பரிய நாட்கள் வரும்போது மலையூர்ச் சங்கங்கள் சில, கடலோரத் தமிழ்ச் சங்கங்களுக்கும் அழைப்பு அனுப்புகின்றன. நாம் என்ன செய்கிறோம்? ஒரு நடனக் குழுவை அனுப்புகிறோம். அவர்கள் ஆடிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மாலைக்குள் கீழே இறங்கிவிடுகிறார்கள். மலை அவர்களுடையது, கரும்புத் தோட்டமும் கோயிலும் நம்முடையவை என்ற பாகுபாடு நம் மனத்தில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அது தவறு என்பது என் கருத்து. மலையின் பாரம்பரியத்தைக் காக்கும் பணியில் நமக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கை மேடையில் ஆடித் தீர்த்துவிட முடியாது.

இந்தப் பாகுபாட்டுக்கு வரலாற்றுக் காரணம் இருப்பதை நான் மறுக்கவில்லை. 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை இங்கே ஒழிக்கப்பட்ட பிறகு, கரும்புத் தோட்டங்களில் ஏற்பட்ட ஆள் பற்றாக்குறையை நிரப்பவே நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்தொகையாய்க் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய வாழ்க்கை கடலோரச் சமவெளியிலும் ஆலைப் புகைபோக்கியின் கீழும் கழிந்தது. மலையின் கதை அதற்கும் மூத்தது. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள், மரோன் என்று அழைக்கப்பட்டவர்கள், 18ஆம் நூற்றாண்டில் இந்தச் செங்குத்துச் சரிவுகளில் ஏறி ஒளிந்து வாழ்ந்தார்கள். மஃபாத், சிமாந்தெஃப், திமிதில், ஆன்ஷேன் என்று இன்று நாம் வரைபடத்தில் படிப்பவை பெரும்பாலும் அவர்களுடைய தலைவர்களின் பெயர்களாகச் சொல்லப்படுபவை. வேட்டைக்காரர்கள் அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்ட மனிதர்களின் பெயர்களே இன்று சிகரங்களுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் நிலைத்திருக்கின்றன. சிலாவோஸ் என்ற மலையூருக்கு மேலே, சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், மறைவான ஒரு பள்ளத்தாக்கில் கல் அடுக்கிக் கட்டிய சிறு தங்குமிடங்களைத் தொல்லியலாளர்கள் அகழ்ந்து பார்த்தபோது, அங்கே வாழ்ந்தவர்கள் பறவைகளைத் தின்று உயிர் பிழைத்த தடயங்கள் கிடைத்தன. பிறகு நிலமற்ற ஏழை வெள்ளையர்களும், விடுதலை பெற்றவர்களும் மேலே சென்று குடியேறினார்கள். ஆக, தோட்டங்கள் யாரை விரட்டினவோ அவர்கள் மலைக்குப் போனார்கள். கரும்பு யாரை அழைத்ததோ அவர்கள் கீழே தங்கினார்கள். ஒரே தோட்ட முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக இருந்தவர்கள் நாம். இவ்வளவு நெருக்கமான உறவை அயலார் உறவாக நினைப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

2007இல் இங்கே தேசியப் பூங்கா அமைந்தது. 2010இல் அதன் சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் செங்குத்து மதில்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு அந்த எல்லைக்குள் வருகிறது. பட்டியலில் ஏறியது இயற்கை; அதற்குள் மனிதர்களும் வாழ்கிறார்கள் என்பதுதான் இங்குள்ள சமூகத் திட்டங்கள் அனைத்தும் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் இடம்.

முட்டிக்கொள்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மலையூரில், பாரம்பரியத் திட்டம் ஒன்றின் முடிவு விழாவுக்குப் போயிருந்தேன். பளபளப்பான விளக்கப் பலகைகள் திறந்து வைக்கப்பட்டன; பழைய வீட்டைப் பற்றியும் அதில் நடந்த கைத்தொழிலைப் பற்றியும் அவற்றில் அழகாக எழுதியிருந்தது. அந்தக் கைத்தொழிலைத் தெரிந்த மூதாட்டி ஒருவரைப் பலகையின் அருகே நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அவரிடம் யாராவது கற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டேன். "படம் எடுக்கத்தான் வருகிறார்கள் ஐயா, நூல் கோக்க யாரும் வரவில்லை" என்றார். அந்தத் திட்டத்தை நடத்தியவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். பலகைக்குச் செலவுக் கணக்கு எழுதுவது எளிது. ஒரு பெண் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து கற்றுக்கொள்வதற்குக் கணக்கு எழுதுவது கடினம்.

சிலாவோஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1900ஆம் ஆண்டையொட்டி, அவ்வூர் மருத்துவரின் மகள் ஆஞ்செல் மக் ஓலிஃப், துணியிலிருந்து இழைகளை உருவி இடைவெளிகளில் பின்னும் வெள்ளை நூல் வேலையை ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் தொடங்கிவைத்த வேலை இன்று அந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊரில் அதற்கென்று ஓர் இல்லமும் இருக்கிறது. பாரம்பரியம் என்றால் யுகயுகமாக வந்ததாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். நூறு ஆண்டுகளில், ஒருவர் கற்றுக்கொடுத்து மற்றவர்கள் விடாமல் செய்ததால் உருவான பாரம்பரியம் இது.

அதே சிலாவோஸ் பள்ளத்தாக்கில் இலெட் ஆ கோர்த் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் கயிறு பிடித்தே அங்கு போக முடிந்ததால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். அங்கு விளையும் சிறிய பருப்பை, நம் வீடுகளில் மைசூர் பருப்பைக் கடைவதுபோலக் குழைய வேகவைத்துச் சோற்றோடு இத்தீவில் எல்லாரும் சாப்பிடுகிறோம். இறக்குமதிப் பருப்பைவிட அதன் விலை பல மடங்கு என்பதால், சந்தையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். ஓர் அறுவடைக் காலத்தில் அங்கு போனபோது அந்த விலையின் காரணம் புரிந்தது. சரிவில் கல் அடுக்கிக் கட்டிய சிறு பாத்திகளில் இயந்திரம் இறங்க வழியில்லை. செடியைக் கையால் பிடுங்கி, காயவைத்து, அடித்து, புடைக்கிறார்கள். புடைப்பதற்கு அங்கிருந்த ஓர் அம்மா எடுத்த பொருளைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், அது முறம். கிரியோலில் வேறு பெயர். கையின் அசைவு என் பாட்டியின் அசைவு. அவர் என்னிடம் முறத்தைக் கொடுத்துப் புடைக்கச் சொன்னார். நான் புடைத்ததில் பாதிப் பருப்பு தரையில் விழுந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு எங்கள் கோயில் அன்னதானத்துக்கு ஆண்டில் ஒரு நாளாவது அந்தப் பருப்பையே வாங்க வேண்டும் என்று வாதாடி, மூன்றாவது கூட்டத்தில் ஒப்புதல் பெற்றேன். ஒரு பாத்தியின் கல்வரிசை சரியாமல் இருக்க அந்தக் கொள்முதல் செய்யும் உதவியை எந்த விளக்கப் பலகையும் செய்யாது.

மஃபாத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அங்கு அரை நாள் நடந்துபோய் ஓரிரவு தங்கிவிட்டு வந்தவன் அதிகம் பேசக் கூடாது. அந்தப் பள்ளத்தாக்குக்குள் சாலை கிடையாது. சில நூறு பேர் சிறு சிறு மேட்டுநிலங்களில் வாழ்கிறார்கள். பொருள்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன, மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து. இவ்ரின் போஸே என்ற தபால்காரர் சுமார் 40 ஆண்டுகள் கடிதப் பையைச் சுமந்து அந்தப் பாதைகளில் நடந்தார். மஃபாத் மக்கள் குடியிருக்கும் நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. வனத்துறையின் பொறுப்பில் உள்ள அரசு நிலத்தை ஒப்பந்தத்தின்பேரில் அனுபவிக்கிறார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலும், 2025 பிப்ரவரி இறுதியில் கராம்ஸ் புயலும் இத்தீவைத் தாக்கின. இப்படிப்பட்ட புயலுக்குப் பின் மண்சரிவுகளை அகற்றிப் பாதைகளைச் சீர்செய்யும் வேலைதான் அங்கே முதல் பாரம்பரியப் பணி. பாதை மூடிக் கிடந்தால் விடுதிக்கு ஆள் வராது, பள்ளிக்கு ஆசிரியர் வருவது கடினம், பிள்ளைகள் கீழே குடிபெயர்வார்கள். வீடுகள் காலியான பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியம் என்று போற்றுவதில் எனக்கு ஆர்வமில்லை.

நம்முடைய பங்குக்கு வருகிறேன். சேன் தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் இடையில் கிராந்த் ஷலூப் என்ற பள்ளத்தாக்கு கடலில் முடிகிறது. கப்பலில் வந்த ஒப்பந்தக் கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த லசரே கட்டடங்கள் அங்குதான் உள்ளன. நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தா இந்தத் தீவில் முதலில் படுத்துறங்கிய தரை அது. அங்கிருந்து மேலே, ஆங்கிலேயர் பாதை என்று இன்று அழைக்கப்படும், கருங்கல் பாவிய பழைய வழி சரிவில் ஏறுகிறது. இருபுறமும் இத்தீவின் வறண்ட காட்டில் எஞ்சியிருக்கும் மிகச் சிறு பகுதி. 2009 முதல் 2014 வரை பூங்கா நிர்வாகம் அங்கே அந்தக் காட்டை மீட்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. அதில் பள்ளிப் பிள்ளைகளும் தன்னார்வலர்களும் பங்கேற்று உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துப் போனேன்.

எங்களுக்குக் கொடுத்த வேலை, மரங்களின் மேல் ஏறிப் படர்ந்து மூச்சை அடைக்கும் ஓர் அயல்கொடியை வெட்டிப் பிடுங்குவது. வெள்ளையும் மஞ்சளும் கலந்த, ஓரம் கிழிந்த இதழ்கள். மூன்று சிறகுள்ள விதை. அதன் பிரெஞ்சுப் பெயருக்குப் பட்டாம்பூச்சிக் கொடி என்று பொருள். பெயர்ப் பட்டியலில் தாவரவியல் பெயரைப் பார்த்து வீட்டில் தேடியபோதுதான் தெரிந்தது, அது நம் மாதவிக்கொடி, குருக்கத்தி. நம் கவிஞர்கள் பந்தல் போட்டுப் பாடிய கொடி. நம்மைப் போலவே இங்கு வந்து சேர்ந்தது, இந்தக் காட்டைத் தின்னும் களையாகிவிட்டது. அடுத்த வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி, "அப்படியானால் நம் பூவையா பிடுங்கினோம்?" என்று கேட்டாள். ஆம் என்றேன். ஊரில் அதற்குப் பந்தல் உண்டு, இங்கே வேண்டாம் என்றேன். அவள் முழுவதும் சமாதானமடையவில்லை, நானும்தான். ஆனால் அதைப் பிடுங்கிய கைகள் நம் பிள்ளைகளின் கைகளாக இருந்ததில் எனக்கு இன்றும் ஒரு நிறைவு உண்டு.

(களை என்பது எல்லாருக்கும் ஒரே பொருளல்ல என்பதையும் இடையில் சொல்லிவிட வேண்டும். பிளேன் தே பல்மிஸ்த் என்ற மலையூரில் ஜூன் மாதத்தில் கோயாவியே பழத்துக்குத் திருவிழாவே நடக்கிறது. பிரேசிலிலிருந்து வந்து மலைக்காட்டை ஆக்கிரமித்திருக்கும் செடி அது. பழமோ அருமையானது. விழாவுக்குப் போனால் நானும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறேன்.)

விளக்கு விஷயத்தில் கோயில் நிர்வாகக் குழுவோடு இரண்டு ஆண்டுகள் பேசினேன். எதிர்த்தவர்களின் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நூற்றைம்பது ஆண்டுகள் தோட்டத்து மூலையில் தகரக் கொட்டகையில் சாமி கும்பிட்டவர்கள், இப்போதுதான் தலைநிமிர்ந்து கோபுரத்துக்கு வெளிச்சம் போடுகிறோம், அதை ஏன் நாம் முதலில் அணைக்க வேண்டும், பக்கத்துப் பேரங்காடி அணைக்குமா என்று கேட்டார் ஒரு பெரியவர். பேரங்காடியின் வாகன நிறுத்தத்தில் எரியும் விளக்குகள் நம்முடையதைவிடப் பல மடங்கு என்பது உண்மை. அவரிடமே ஒரு நாள் அந்தப் பெட்டிக் கதையைச் சொன்னேன். மறுநாள் காலை சங்கத்தார் பறவையைப் பரிசோதித்து, கடலைப் பார்த்த ஓரிடத்தில் விடுவித்தபோது நானும் கூட இருந்ததை, அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போனதைச் சொன்னேன். அவர் பதில் ஏதும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர்தான்.

இப்போது ஏப்ரல் மாதம் முழுவதும், புத்தாண்டு நாள் மாலை பூசை முடியும் வரை தவிர, கோபுரத்துக்கு வெளியிலிருந்து அடிக்கும் விளக்குகள் எங்கள் கோயிலில் எரிவதில்லை. கருவறையில் எண்ணெய் விளக்கு எப்போதும்போல எரிகிறது. சேன் போல், சேன் பியேர், சேன் லூயி கோயில்களின் நிர்வாகத்தில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், தங்கள் குழுவில் ஒருமுறை பேசிப் பாருங்கள். எங்கள் தீர்மானத்தின் நகலைக் கேட்டால் அனுப்புகிறேன். இந்த ஆண்டுக்கான அட்டைப்பெட்டிகள் இரண்டு, துளை போட்டு, பழைய வேட்டித் துண்டு விரித்து, மடப்பள்ளியில் பருப்பு மூட்டைக்கு மேலே தயாராக இருக்கின்றன.