படமும் எழுத்தும் முரண்படுவது பிழையல்ல

ஜான் கிளாசனின் ‘திஸ் இஸ் நாட் மை ஹேட்’ (2012) என்ற படப்புத்தகம் திருட்டை நியாயப்படுத்துகிறது என்றும், அதில் படமும் எழுத்தும் பொருந்தாதது கவனக்குறைவு என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

தூங்கிக்கொண்டிருந்த பெரிய மீனின் தொப்பியைத் திருடிய சின்ன மீன்தான் இந்தக் கதையைச் சொல்கிறது. பெரிய மீன் இப்போதைக்கு விழிக்காது என்று அது நம்பிக்கையோடு சொல்லும் இடத்தில், படத்திலுள்ள பெரிய மீனின் கண் அகலத் திறந்திருக்கிறது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த நண்டோ, சின்ன மீன் போன திசையைக் கொடுக்கை நீட்டிக் காட்டுகிறது. என் நான்கு வயது மகள் அந்தப் பக்கத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தி, “பொய் சொல்லுதுப்பா, நண்டு காட்டிக் கொடுத்திடுச்சு!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சொல்பவரின் பேச்சை அப்படியே நம்பாமல், கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை அறிவுரை ஏதுமின்றிச் சிரிப்பின் வழியாகவே இப்புத்தகம் ஊட்டுகிறது. 2013இல் ஓவியத்துக்கான கால்டிகாட் பதக்கம் பெற்ற ஒரு நூலின் ஆதாரமான உத்தியைக் கவனக்குறைவு என்பது பொருந்தாது.

திருட்டைப் பொறுத்தவரை, அது தவறென்று தெரியும் என்று சின்ன மீனே ஒப்புக்கொள்கிறது. பிறகுதான் சாக்குகளை அடுக்குகிறது. இறுதிப் பக்கங்களில் எழுத்து நின்றுவிட, பெரிய மீன் தொப்பியோடு திரும்பி வருகிறது. சின்ன மீனை அதற்குப் பிறகு நாம் பார்ப்பதேயில்லை.