ஆமைகளை எண்ணும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேளுங்கள்

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டது. இன்று பட்டப்படிப்பில் சேரும் பிள்ளைகள் அந்தத் தாளையும் எழுதித்தான் தேற வேண்டியிருக்கிறது. எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அதில் ஒரு வரியேனும் நினைவிருக்கிறது என்று கேட்காமலிருப்பதே நல்லது. அதே வயதுப் பிள்ளைகள் மதிப்பெண்ணோ சம்பளமோ எதிர்பாராமல், 1988 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் நள்ளிரவில் நடந்து பங்குனி ஆமை எனும் கடலாமையின் முட்டைகளைத் தேடி வருகிறார்கள். நான் அறிந்தவரை இந்த நகரத்தில் நடக்கும் ஆகச் சிறந்த சுற்றுச்சூழல் வகுப்பு அதுதான்.

ஆமை கரையேறித் திரும்பிய தடம், சிறிய டிராக்டர் ஒன்று உருண்டு போனதைப் போல மணலில் பதிந்திருக்கும். முட்டையிட்ட இடம் என்று தோன்றும் பகுதியில் ஒரு கம்பால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். சுற்றிலும் இறுகி நிற்கும் மணல், குழியின் மேல் மட்டும் சட்டென்று இளகிக் கொடுக்கும். பிறகு கையாலேயே தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளைத் துணிப்பையில் எடுத்து, குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு, பொரிப்பகத்தில் அதே அளவில், கழுத்து குறுகி அடி அகன்ற குடுவை வடிவத்தில் மறுபடியும் குழி பறித்து வைக்க வேண்டும். முட்டைக்குள் வளரும் கரு அறுந்துவிடாமலிருக்க, அவற்றை உருட்டாமல் விடிவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். முட்டையை ஏன் இடம் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தெருநாய்கள் ஒரு காரணம். வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கி நகர்வது குஞ்சுகளின் இயல்பு. இருண்ட கரையில் அந்தத் திசை கடலாக இருக்கும், சென்னையில் அது பெரும்பாலும் சாலைதான்.

எனக்குக் குறையாகப் படுவது இதற்குப் பிறகு நடப்பது. குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில் படமெடுக்கப் பெரியவர்கள் கூடிவிடுகிறார்கள். ஆனால் அதே மாணவர்கள் அதே நடையில் செத்து ஒதுங்கிய ஆமைகளையும் எண்ணிக் குறித்து வருகிறார்கள், அந்தக் கணக்கை மட்டும் பள்ளி விழாக்களில் யாரும் பேசுவதில்லை. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. கடலாமை நுரையீரலால் சுவாசிப்பது. விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத்திணறிச் சாகும்.

நாட்காட்டியைப் பார்த்தாலே சிக்கல் விளங்கும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. ஆமைகள் கரையோரம் கூடி முட்டையிடும் காலமோ அதற்குள் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. அந்த மாதங்களில் ஆமைக்குக் காவலாக இருக்க வேண்டியது, விசைப்படகுகள் கரையை ஒட்டி வரக்கூடாது என்ற விதிதான். அந்த விதி மீறப்படும்போது நாட்டுப்படகு மீனவர்களின் வலையும் அறுபடுகிறது, மீனும் போகிறது. ஆக ஆமையின் வழக்கும் குப்பத்து மீனவரின் வழக்கும் ஒன்றுதான். இதைப் பாடத்தில் சொல்லாமல், மீனவரை ஆமையின் எதிரியாகக் காட்டும் சுவரொட்டிகளை வரையச் சொல்வது எனக்கு எரிச்சலையே தருகிறது.

கடலோர மீன்பிடி விதிகளைப் பற்றி மாவட்ட அளவில் பேசும் கூட்டங்களுக்கு, பல ஆண்டுக் கணக்கைக் குறிப்பேட்டில் வைத்திருக்கும் இந்த மாணவர்களையும், ஊரூர் ஆல்காட் குப்பம் போன்ற ஊர்களின் இளைஞர்களையும் அழைக்க வேண்டும். ரோந்துக்கு வரும் குப்பத்து இளைஞருக்கு அன்றைய தொழில் கெடுகிறது, ஆகவே அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளின் தன்னார்வத்தை அவரிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. வலையில் சிக்கும் ஆமை வெளியேறப் பொருத்தும் தடுப்புக் கருவியால் பிடிபட்ட மீனும் கொஞ்சம் போய்விடுகிறது என்று விசைப்படகுக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த இழப்பை அவர்கள் முன்னிலையிலேயே அளந்து, ஈடு கட்டுவதை அரசு ஏற்றுக்கொள்ளட்டும்.